நிழலும் திசையும்: கிப்லாக் கணக்கில் நேர்ந்த ஒரு பிழை

மதுரை காளவாசலில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், ஓதும் காலத்தில் இல்முல் ஃபலக் பாடத்தில் ஆர்வம் காட்டியவர். பின்னர்க் கணினிப் பட்டம் பெற்று அத்துறையிலேயே பணியாற்றி வருகிறார். கோளத்தின் மேற்பரப்பில் தூரம், திசை, பரப்பு முதலியவற்றைக் கணிக்கும் மென்பொருள் நூலகம் ஒன்றில் கிப்லாத் திசையைக் காட்டும் பகுதியை எழுதிச் சேர்த்திருந்தார். நூலகம் என்பது அத்துறையினர் வழங்கும் பெயர். ஒருவர் எழுதி வைத்த கணக்குகளைப் பிறர் எடுத்துத் தத்தம் மென்பொருளில் இணைத்துக்கொள்ளும் தொகுப்பு என்று அதற்குப் பொருள். ஆகவே அங்கே ஒரு வரி பிழையானால் அப்பிழை எத்தனை கைபேசிகளுக்குப் போய்ச் சேரும் என்று எழுதியவருக்கே தெரியாது.

அவர் தம் கணக்கை மதுரை, காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், கொழும்பு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்குச் சோதித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக வந்தன. சில வாரங்கள் கழித்துத் துபாயிலிருந்து அவருடைய உறவினர் தொலைபேசியில் அழைத்து, "இங்குள்ள பள்ளிவாசல்கள் எல்லாம் மேற்கே நோக்கியிருக்க, உன் கணக்கு மட்டும் கிழக்கே காட்டுகிறதே" என்றார். மாணவர் தாம் எழுதிய வரிகளை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நிரல்மொழி எனக்குத் தெரியாது. ஆயினும் அதில் இருந்த சூத்திரம் எனக்குப் பழக்கமானதே. அதை மூன்று முறை சரிபார்த்தோம். சூத்திரத்தில் பிழை இல்லை. பிழை அதற்கு அடுத்த வரியில் இருந்தது. அது எப்படி நேர்ந்தது, எப்படித் திருத்தப்பட்டது, நம் முன்னோர் அதை எப்படித் தவிர்த்தனர் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கணக்கின் அடிப்படையைக் காண்போம். மதுரையின் அட்சரேகை வடக்கு 9.925 பாகை, தீர்க்கரேகை கிழக்கு 78.12 பாகை. கஃபாவின் அட்சரேகை வடக்கு 21.4225, தீர்க்கரேகை கிழக்கு 39.8262. இவ்விரு புள்ளிகளையும் தட்டையான வரைபடத்தில் குறித்து அளவுகோலால் கோடு இழுத்தால் கோடு மேற்கிலிருந்து வடக்கே சுமார் 16.7 பாகை சாய்ந்திருக்கும். ஆனால் பூமி தட்டையன்று. கோளத்தின் மீது இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, கோளத்தின் மையத்தை நடுவாகக் கொண்ட பெருவட்டத்தின் வில்லாகும். அவ்வில் மதுரையிலிருந்து புறப்படும் திசை மேற்கிலிருந்து வடக்கே 22.07 பாகை. வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளந்தால் 292.07 பாகை. இரண்டுக்கும் ஐந்து பாகைக்கு மேல் வேறுபாடு உண்டு. 'மேற்கு நோக்கித் தொழுகிறோம்' என்று பேச்சுவழக்கில் சொல்கிறோமே தவிர, மதுரையில் நேர்மேற்கே நிற்பவர் 22 பாகை விலகி நிற்கிறார்.

பெருவட்டத் திசையைக் காண வட துருவம், கஃபா, நம் ஊர் ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்ட கோள முக்கோணத்தை எடுத்துக்கொள்கிறோம். அதிலிருந்து இரண்டு அளவுகள் கிடைக்கின்றன. ஒன்றைக் கிழக்குக் கூறு என்றும் மற்றதை வடக்குக் கூறு என்றும் அழைப்போம். கஃபாவின் தீர்க்கரேகையிலிருந்து நம் ஊரின் தீர்க்கரேகையைக் கழித்து, வரும் கோணத்தின் சைன் அளவே கிழக்குக் கூறு. கஃபா நமக்கு மேற்கே இருப்பதால் மதுரைக்கு இது குறை எண்ணாக வரும்: -0.6197. வடக்குக் கூற்றுக்கு, நம் அட்சரேகையின் கொசைனைக் கஃபாவின் அட்சரேகையின் டேன்ஜன்ட்டால் பெருக்கி, அதிலிருந்து நம் அட்சரேகையின் சைனையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கி வரும் தொகையைக் கழிக்க வேண்டும். மதுரைக்கு இது +0.2512. கிழக்குக் கூற்றை வடக்குக் கூற்றால் வகுத்தால் -2.467 கிடைக்கும். எந்தக் கோணத்தின் டேன்ஜன்ட் -2.467 என்று கணினியைக் கேட்டால் -67.93 பாகை என்று விடை தரும். வடக்கிலிருந்து மேற்கே 67.93 பாகை என்பது அதன் பொருள். 360ஐக் கூட்டினால் 292.07. மதுரைக்குக் கணக்கு சரியே.

இனித் துபாய்க்கு வருவோம். அட்சரேகை 25.2, தீர்க்கரேகை 55.3. கிழக்குக் கூறு -0.267. வடக்குக் கூறு -0.055, கவனிக்க, இங்கே இதுவும் குறை எண். குறையைக் குறையால் வகுத்தால் நிறை வரும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. விடை +4.8. இந்த எண்ணைப் பெற்றுக்கொண்ட கணினி, அதற்குரிய கோணம் 78.3 பாகை என்று சொல்லும். அது கிழக்கும் சற்று வடக்குமான திசை. உண்மையில் துபாயின் கிப்லா 258.3 பாகை, மேற்கும் சற்றுத் தெற்குமான திசை. இரண்டுக்கும் இடையே மிகச் சரியாக 180 பாகை. கஃபாவை நோக்க வேண்டியவர் கஃபாவுக்கு முதுகைக் காட்டி நிற்பார்.

சோதித்த ஊர்களில் இது ஏன் தென்படவில்லை? தமிழகமும் இலங்கையும் சிங்கப்பூரும் வடக்குக் கூறு நிறை எண்ணாக வரும் பகுதியில் உள்ளன. அங்கெல்லாம் இப்பிழை உறங்கிக் கிடக்கும். வட இந்தியாவிலோ அது விழித்துக்கொள்ளும். குவாலியரில் கிப்லா மேற்கிலிருந்து மிகச் சிறிதே வடக்கு. ஆக்ராவில் மேற்கிலிருந்து மிகச் சிறிதே தெற்கு. சென்னையிலிருந்து இரயிலில் டில்லிக்குப் பயணம் செய்பவர், மாணவர் எழுதிய அந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தால், குவாலியருக்கும் ஆக்ராவுக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் காட்டி சட்டென்று மேற்கிலிருந்து கிழக்கே திரும்புவதைக் கண்டிருப்பார். டில்லியின் கிப்லா 266.6 பாகை, அக்கணக்கு 86.6 என்றது. இலண்டனுக்கு 119 பாகை, தென்கிழக்கு. அக்கணக்கு வடமேற்கே அட்லாண்டிக் பெருங்கடலைக் காட்டியது.

இப்பிழையின் வேர் 'டேன்ஜன்ட்' என்ற அளவின் இயல்பிலேயே உள்ளது. அரபு மொழியில் அதன் பெயர் அதனை நன்கு விளக்குகிறது. சைன் என்பதற்கு நம் நூல்களில் ஜைபு என்று பெயர். வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜீவா' என்ற வடசொல் அரபியில் ஒலிபெயர்ந்து, பின் ஜைபு என்று வாசிக்கப்பட்டு, 'மடி' என்ற பொருளில் இலத்தீனுக்குப் போய்ச் சைனஸ் ஆன வரலாறு பலரும் அறிந்தது. டேன்ஜன்ட்டுக்கு அரபியில் ழில்லு என்று பெயர். நிழல் என்பது அதன் பொருள். நட்டு வைத்த கோலின் உயரத்தையும் அதன் நிழலின் நீளத்தையும் ஒப்பிட்டுச் சூரியனின் உயரத்தை அறிந்தவர்கள் சூட்டிய பெயர் அது. அஸர் நேரத்தை நிழலைக் கொண்டு நிர்ணயிக்கும் சமுதாயத்துக்கு அப்பெயர் இயல்பாகவே அமைந்தது.

ஒரு கோலின் நிழல் மூன்றடி நீளம் என்று மட்டும் ஒருவர் உங்களிடம் கூறினால், சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று நீங்கள் கணித்துவிடலாம். ஆனால் அது காலைச் சூரியனா மாலைச் சூரியனா என்று சொல்ல உங்களால் இயலாது. நிழலின் நீளத்தில் பக்கம் இல்லை. பக்கத்தை அறியக் கோலின் அருகே சென்று, நிழல் எப்புறம் விழுகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். கிழக்குக் கூற்றை வடக்குக் கூற்றால் வகுத்த அந்த நொடியில் என் மாணவரின் நிரல் செய்ததும் இதுவே. வகுப்பதற்கு முன் இரண்டு எண்களும் தத்தம் குறியோடு இருந்தன; நான்கு கால்வட்டங்களில் எது என்பது அவற்றிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. வகுத்தபின் நிழலின் நீளம் மட்டுமே எஞ்சியது, பக்கம் தொலைந்தது.

முன்னோர் இதை எவ்வாறு கையாண்டனர்? கோணக் கணக்கில் குறை எண்களைப் பயன்படுத்தும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆகவே குறி தொலைந்துபோகும் அபாயமும் அவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். பக்கத்தைத் தனியே கேட்டுத் தனியே விடை காண வேண்டிய கட்டாயத்தில் அவர்கள் இருந்தனர். ஸீஜ் எனப்படும் வானியல் அட்டவணை நூல்களில் வழங்கிய முறை இது: கஃபாவிலிருந்து நம் ஊரின் வடக்கு-தெற்கு வட்டத்துக்கு ஒரு செங்குத்து வில்லை வரைக. அது அவ்வட்டத்தைச் சந்திக்கும் இடத்தின் அட்சரேகையைக் காண்க. அதனை நம் ஊரின் அட்சரேகையோடு ஒப்பிடுக. நம் ஊரினதை விட அது மிகுதியாயின் கிப்லா வடபுறம் சாயும். குறைவாயின் தென்புறம் சாயும். சமமாயின் நேர்கிழக்கு அல்லது நேர்மேற்கு. இதன்பிறகே சாய்வு எவ்வளவு என்ற கணக்கு தொடங்கும்.

மதுரைக்கு அச்சந்திப்பிடத்தின் அட்சரேகை 26.56 பாகை, நம்முடையது 9.925; ஆகவே வடக்கு. துபாய்க்கு அது 22.15, துபாயின் அட்சரேகை 25.2, ஆகவே தெற்கு. டில்லிக்கு 26.28, டில்லி 28.6, ஆகவே தெற்கு. போபால் கஃபாவை விட வடக்கே உள்ள ஊர். எனவே அங்குள்ளவர் தென்மேற்கே நோக்க வேண்டும் என்று சாதாரண அறிவு சொல்லும். ஆனால் சந்திப்பிடம் 26.3 பாகைக்கு அருகில் அமைகிறது; போபாலோ 23.26இல் உள்ளது. ஆகவே அங்கும் கிப்லா மேற்கிலிருந்து வடக்கே நான்கு பாகைக்குச் சற்று மேல். தட்டை வரைபடம் நம்மை எங்கே ஏமாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தியாவில் கிடைப்பது அரிது.

அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்) ஹிஜ்ரி 416இல், அதாவது கி.பி. 1025இல் நிறைவு செய்த 'தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்' என்ற நூல், ஊர்களின் இருப்பிடங்களை நிர்ணயித்து இறுதியில் கஜ்னா நகரின் கிப்லாவைக் காணும் நோக்கில் அமைந்தது. அங்கே அவர் ஒரே திசையை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் கணித்துக் காட்டுகிறார். ஒரு வழியில் நேரும் தவறு மற்றொரு வழியில் வெளிப்பட்டுவிடும் என்பதை இன்றைய நிரலர்களுக்குப் பாடமாகவே சொல்லலாம். பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் உமவிய்யாப் பள்ளிவாசலில் முவக்கித்தாக இருந்த ஷம்சுத்தீன் அல்கலீலி (ரஹ்), அட்சரேகை 10 முதல் 56 வரையிலும் தீர்க்கரேகை வேறுபாடு 1 முதல் 60 வரையிலும் ஒவ்வொரு பாகைக்கும் கிப்லாவைக் கணித்து ஏறத்தாழ மூவாயிரம் இடங்களைக் கொண்ட அட்டவணையை அமைத்தார். நம் மதுரை 9.925இல் இருப்பதால் ஐந்து கலைக்கும் குறைவான வித்தியாசத்தில் அந்த அட்டவணைக்கு வெளியே நின்றுவிடுகிறது என்பதை மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கு எப்போதும் சிறு மனக்குறை உண்டு.

இனித் திருத்தம். கூறுகளை வகுத்து ஒரே எண்ணாக்காமல், இரண்டையும் அவற்றின் குறிகளோடு அப்படியே பெற்றுக்கொண்டு முழுவட்டத்தில் கோணத்தைத் தரும் செயல்கூறு ஏறத்தாழ எல்லாக் கணினி மொழிகளிலும் உள்ளது. 'ஏடேன்-2' என்பது அதன் பெயர். வகுக்கும் வரியை நீக்கி அதனை இட்டதும் துபாய் 258.3க்குத் திரும்பியது. வடக்குக் கூறு பூஜ்யமாகும் இடங்களில் பூஜ்யத்தால் வகுக்கும் தொல்லையும் நீங்கியது. ஆனால் இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. பல மொழிகளில் இதற்கு முதலில் தர வேண்டியது டேன்ஜன்ட் பின்னத்தின் மேலெண். நம் கணக்கில் அது கிழக்குக் கூறு. எக்செல் என்ற கணக்கட்டவணை மென்பொருளிலோ வரிசை தலைகீழ். வரிசை மாறினால் மதுரையின் கிப்லா 157.93 பாகையாகி, தெற்கே கடலைக் காட்டும். அடுத்து, குறைக் கோணத்தை 360ஆல் வகுத்து மீதி எடுத்தால் நிறைக் கோணம் வரும் என்று நிரலர் நம்பிவிடுவது உண்டு. சில மொழிகளில் -67.93இன் மீதி -67.93ஆகவே இருக்கும். முதலில் 360ஐக் கூட்டிப் பிறகே மீதி எடுக்க வேண்டும். பாகையை ரேடியனாக மாற்ற மறப்பதும், அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி இடுவதும் பழைய பிழைகள். அவற்றின் விடைகள் பெரும்பாலும் கண்டதும் நகைப்பு வரும்படி இருப்பதால் விரைவில் அகப்பட்டுவிடும்.

தூரக் கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. இரு புள்ளிகளின் இடைத்தூரத்தைக் கொசைன் சூத்திரத்தால் காண்பவர், தூரம் மிகக் குறையும்போது ஒன்றுக்கு மிக நெருங்கிய எண்ணைக் கையாள்கிறார். ஏழு இலக்கத் துல்லியம் மட்டுமே உள்ள கணக்கில், மக்காவிலேயே ஹரமிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளித் தங்கியிருக்கும் ஹாஜிக்குக் கஃபாவின் தூரம் பூஜ்யம் என்று விடை வரக்கூடும். இதற்காகவே ஹேவர்சைன் என்ற மாற்றுச் சூத்திரத்தைக் கையாளுமாறு நிரலர்க்கு அறிவுறுத்தப்படுகிறது.

சோதனை ஊர்களையும் மாற்றினோம். கஃபாவை நான்கு கால்வட்டங்களிலும் நோக்கும் ஊர்கள் வேண்டும் என்று சொல்லி, வடமேற்கே நோக்கும் மதுரை, தென்மேற்கே நோக்கும் டில்லி, தென்கிழக்கே நோக்கும் இலண்டன், 23 பாகையில் வடகிழக்கே நோக்கும் கேப்டவுன் ஆகியவற்றைச் சேர்த்தோம். குவாலியரையும் ஆக்ராவையும் அருகருகே வைத்தோம். ஒவ்வோர் ஊருக்கும் ஸீஜ் முறைப்படி வடபுறமா தென்புறமா என்று ஒப்பிட்டுக் கூறும் இரண்டாவது கணக்கையும் மாணவர் எழுதி, முதற்கணக்கோடு மோதவிட்டார். இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன.

இவ்வளவு எதற்கு என்று கேட்போர் உண்டு. கைபேசியில் காட்டும் எண் இரண்டு பாகை மாறியதற்காகப் பள்ளிவாசலின் விரிப்பை மாற்ற வேண்டும் என்று ஜமாஅத்தில் சச்சரவு எழுவதை நான் கண்டிருக்கிறேன். அதற்கு இவ்வளவு சூடு தேவையில்லை என்பதே என் கருத்து. ஓர் உதாரணம் காட்டுகிறேன். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்ப்டன் தொடங்கிய பெரும் முக்கோண நிலஅளவைப் பணி சென்னை வான் ஆய்வகத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டது. அந்த ஆதார எண்ணே பின்னர் மிகை எனத் தெரியவந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டு மறுபடி கணித்தபோது, வரைபடங்களின் தீர்க்கரேகைகளில் 2 கலை 27 விகலையைக் கழிக்க வேண்டியதாயிற்று. மதுரையின் அட்சரேகையில் இது சுமார் நாலரைக் கிலோமீட்டர். இவ்வளவு பெரிய இருப்பிடப் பிழை மதுரையின் கிப்லாவை எவ்வளவு மாற்றும் என்று கணக்கிட்டேன். ஒரு கலைக்கும் குறைவு. பூமியை முழுக்கோளமாகக் கொள்வதால் வரும் பிழை கால் பாகைக்கும் குறைவு. காந்த ஊசி மெய்வடக்கிலிருந்து இங்கே ஓரிரு பாகை விலகும். அருகில் இரும்புக் கம்பி இருந்தால் இன்னும் கூடுதலாக விலகும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கழித்தல் குறி தொலைந்ததோ 180 பாகையைப் புரட்டிவிட்டது.

அல்பகரா அத்தியாயத்தின் 144ஆம் வசனம் நம்மைப் பணிக்கும் திசையைத் தொலைவில் இருப்போர் எவ்வாறு பேண வேண்டும் என்பதில் இமாம்களின் விளக்கங்கள் வேறுபடுகின்றன. ஹனஃபி மத்ஹபில் தொலைவில் உள்ளவருக்குக் கஃபா இருக்கும் திசையே போதும். இருபுறமும் 45 பாகைக்கு உட்பட்ட விலகல் தொழுகையை முறிக்காது என்று பிற்காலச் சட்ட அறிஞர்கள் வரையறுத்தனர். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் நோக்க வேண்டியது கஃபாவையே. எனினும் தொலைவில் உள்ளவருக்கு மிகைத்த எண்ணம் போதுமானது. நெடுங்காலமாக முஸ்லிம்கள் தொழுதுவரும் மிஹ்ராப் உள்ள ஊரில், அடிப்படைத் திசையைப் பற்றி ஒருவர் தாமாக ஆய்ந்து முடிவு செய்ய இடமில்லை. வலமோ இடமோ சிறிது சாய்வதில் மட்டுமே ஆய்வுக்கு இடமுண்டு என்றும் அவர்கள் கூறுவர். துபாய் உறவினர் செய்தது இதுவே. அவர் கைபேசியை நம்பாமல் பள்ளிவாசலை நம்பினார். மிஹ்ராப் இல்லாத விடுதி அறையில் ஒருவர் இப்பிழைக் கணக்கை நம்பித் தொழுதுவிட்டுப் பின்னர் அது எதிர்த்திசை என்று உறுதியாக அறிந்தால், ஹனஃபிகளிடம் மீட்டுத் தொழ வேண்டியதில்லை. ஷாஃபிஈகளின் வலுவான கருத்தில் மீட்ட வேண்டும். நூலகத்தின் ஒரு வரி எத்தனை பேரின் தொழுகையைத் தொடுகிறது என்று மாணவர் கேட்டபோது அவர் குரலில் தயக்கம் இருந்தது. திருத்தத்தை அன்றிரவே வெளியிட்டு, அப்பகுதியைப் பயன்படுத்துவோர் அனைவருக்கும் பிழையை ஒளிக்காமல் அறிவித்தார்.

கணக்கைக் கண்ணால் காணவும் விரும்பினோம். ஆண்டுதோறும் மே 27 அல்லது 28ஆம் நாளிலும், ஜூலை 15 அல்லது 16ஆம் நாளிலும் மக்காவின் நண்பகலில் சூரியன் கஃபாவின் உச்சிக்கு நேராக நிற்கும். இம்முறையை நஸீருத்தீன் அத்தூஸீ தம் 'அத்தத்கிரா'வில் குறித்துள்ளார். இந்திய நேரப்படி அது மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. மதுரையில் அவ்வேளை சூரியன் அடிவானத்துக்கு மேலே 51 பாகைக்குச் சற்று அதிகமான உயரத்தில் இருக்கும். காளவாசலில் மாணவரின் வீட்டு மொட்டைமாடியில் ஒரு மீட்டர் நீளக் கோலைத் தூக்குக்குண்டு வைத்து நிறுத்தினோம். நிழல் ஏறக்குறைய 80 செண்டிமீட்டர் நீளத்துக்குத் தென்கிழக்கே விழுந்தது. மாணவரின் சிறுமகன் ஓடிவந்து நிழலின் நுனியை நோக்கி நின்று, "இதுதானே கிப்லா அத்தா?" என்றான். அவன் தோளைப் பிடித்துச் சூரியனின் பக்கம் திருப்பி நிறுத்திவிட்டு, மாணவர் கோலின் அடிக்கும் நிழல் நுனிக்கும் இடையே சுண்ணக்கட்டியால் கோடு இழுத்தார். திருத்திய கணக்கு தந்த 292 பாகைக்கும் அக்கோட்டுக்கும் ஒரு பாகை வேறுபாடுகூட இல்லை.